கையில் படிந்த ஏரிமண்

ஐப்பசிப் பௌர்ணமியின் முழுமதி, மருதவள நாட்டுப் பேரேரியின் கீழ்த்திசையில், பனந்தோப்பின் தலைக்கு மேல் மெல்ல எழும்பி, அந்த நீர்ப்பரப்பு முழுவதையும் வெள்ளித் தகடாக மாற்றிக்கொண்டிருந்த அந்தி நேரம். நாரைகள் கூட்டம் கூட்டமாக நடுத்திட்டின் கருவேல மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. கோட்டைக் கோயிலின் மாலைப் பூசை மணி தொலைவில் ஒலித்தது. வாசகர்களே, இத்தனை அழகையும் விட்டுவிட்டு, கரையின் அடிவாரத்தில் மண்டியிட்டு ஓர் எலிவளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த வாலிபனைக் கண்டால், ரசனை கெட்டவன் என்றுதான் நினைப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த வளையின் வழியே நூலாகக் கசிந்த நீரை நம்பித்தான் ஒரு பெரும்படை காத்துக்கொண்டிருந்தது.

அவன் பெயர் எயினன். பஞ்சம் பிழைக்க வந்தவனைப்போல் கந்தல் உடுத்தி மூன்று மாதங்களாக இங்கே திரிந்தாலும், உண்மையில் மேற்கே உள்ள குன்றநாட்டு மன்னரின் ஒற்றன். ‘பேரேரிக் கரையின் நிலையை உள்ளது உள்ளபடி வந்து சொல்வேன்’ என்று அம்மன்னரின் வாள்மீது சத்தியம் செய்து புறப்பட்டவன். அடைமழை வந்தால் கரை உடையும். உடைந்தால் தலைநகர் மூழ்கும். பிறகு குன்றநாட்டுப் படை வாளை உருவாமலே உள்ளே நுழையலாம். இதைப் போய்ச் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் பாழும் மனம் கேட்டால்தானே! எயினன் ஏரி வெட்டும் குடியில் பிறந்தவன். அன்று பிற்பகல் கசிவைக் கண்டதும், எதிரிநாட்டு ஏரி என்பதையே மறந்து, பத்துக் கூடை மண்ணை வாரிப் போட்டு மிதித்துவிட்டான். அந்தக் கைகளோடு, தினமும் உண்டுவந்த அரசாங்க அன்னசாலைக்குப் போனபோது, வாசலில் ஒவ்வொருவர் கையையும் பார்த்து உள்ளே விடும் பெண், "வேலை செய்தவருக்கு இங்கே சோறில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எழுநூறு பேர் சும்மா உட்கார்ந்து உண்ணும் ஊரில், ஏரி வேலைக்கு ஆள் வேண்டுமென்று பறையறைந்தும் ஒருவர்கூட வராத காரணம் அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. பசித்த வயிற்றோடு தான் அடைத்த வளையைப் பார்க்கத் திரும்பி வந்திருந்தான்.

"ஐயா!" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தான். அந்தப் பெண்ணேதான், தனியாக நின்றிருந்தாள்.

"இங்கேயும் கை பார்க்க வந்தீர்களா, அம்மணி?"

"மண் படிந்த கையோடு வந்தவர் இதுவரை நீர் ஒருவரே. ஏன் சுமந்தீர்?"

"மற்றவர்கள் ஏன் சுமக்கவில்லை என்று கேளுங்கள். ஏரிக் கூலி ஒருவன் வயிற்றுக்குத்தான் போதும். அதை வாங்கினால் பெண்டு பிள்ளைகளின் சோறும் நின்றுவிடும். எந்தத் தகப்பன் மண்வெட்டியைத் தொடுவான்? அறத்துக்கு ஓர் அமைச்சர், ஏரிக்கு ஓர் அமைச்சர். ஒருவர் வா என்கிறார். வந்தால் பட்டினி என்கிறார் மற்றவர். இருவரும் சபையில் அருகருகே அமர்ந்து வெற்றிலை மாற்றிக்கொள்கிறார்கள்!"

அவள் முகம் சிவந்தது. "மறைந்த மன்னர் வகுத்த விதி அது. வலியவன் உண்டு மெலியவன் பட்டினி கிடக்கலாகாது என்ற இரக்கத்தால் வகுத்தார்."

"இரக்கத்தில் குறையில்லை, அம்மணி. அது ஏரியை எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்னசாலையை இந்தக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மண் சுமப்பவனுக்குக் கூலியும் கிடைக்கட்டும், குடும்பத்துக்குச் சோறும் தொடரட்டும். முதியவரையும் நோயாளியையும் வாசலில் கை காட்டச் சொல்லாமலே உள்ளே விடுங்கள். ஏரி பாயும் புது நிலத்தில் சுமந்தவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அடுத்த ஐப்பசியில் அவன் சோற்றுக்கு வரமாட்டான். களஞ்சியத்துக்கு நெல் கொண்டுவருவான்."

சொல்லி முடித்த பிறகுதான் எயினனுக்குத் திக்கென்றது. எதிரிக்கு மருந்தல்லவா சொல்லிக் கொடுத்துவிட்டோம்!

அவள் அவன் கைகளை உற்றுப் பார்த்தாள். பிறகு, "நல்ல யோசனை. குன்றநாட்டில் இப்படித்தான் செய்கிறீர்களோ?" என்றாள்.

எயினன் ஓரடி பின்வாங்கினான்.

"மண் கழுவினால் போகும். பெருவிரலில் வில்நாண் இழுத்த தழும்பு போகுமா? பெருவிரலால் நாண் இழுப்பவர்கள் உங்கள் நாட்டார் மட்டுமே. முதல் நாளே பார்த்துவிட்டேன். என்னதான் செய்கிறீர் பார்ப்போம் என்று விட்டுவைத்தேன். பிறகு..." அவள் குரல் தாழ்ந்தது. "பிறகு, இன்றும் அந்தக் கை வரிசையில் வருமா என்று காத்திருக்கத் தொடங்கினேன்."

அப்போதுதான் அவனும் அவள் கையைப் பார்த்தான். மோதிரவிரலில், நெடுங்காலம் அணிந்து கழற்றிய முத்திரை மோதிரத்தின் வெளுத்த வளையம் நிலவில் தெரிந்தது. ஆம் வாசகர்களே, தந்தை வகுத்த அறம் ஏழையின் வாசலில் எப்படி நடக்கிறது என்று காண, பணிப்பெண் வேடத்தில் அமர்ந்திருந்த மகாராணி பூதிநங்கைதான் அவள்!

"தேவி!" என்று எயினன் மண்டியிட்டான்.

"எழுந்திரும். ஆலமரத்தடியில் குதிரை நிற்கிறது. என் ஏரிக்கு மண் சுமந்த ஒரே மனிதரைச் சிறையில் அடைக்க எனக்கு மனமில்லை. போய் உம் மன்னரிடம் சொல்லும்."

எயினன் ஆலமரத்தின் பக்கம் பார்த்தான். பிறகு இன்னும் கசியும் வளையைப் பார்த்தான்.

"கரையின் நிலையை உள்ளது உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறேன், தேவி. அதை மீறமாட்டேன். கரை முழுதும் எழும்பிய மறுநாள் போய்ச் சொல்கிறேன், இதில் ஓர் எலிவளைகூட இல்லை என்று. அதுவரை இந்தக் கரையைவிட்டு அகலேன். இந்த மண்மீது ஆணை!"

பூதிநங்கை குனிந்து, இரு கைகளாலும் ஈர மண்ணை அள்ளி, அந்த வளையில் வைத்து அழுத்தினாள். கண்கள் கலங்கியிருந்தன, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"நாளை இந்தக் கைகளைக் கழுவாமல் மந்திராலோசனைக்குப் போகிறேன். எனக்குச் சோறில்லை என்று எந்த அமைச்சர் சொல்கிறார், பார்க்கலாம்!"