பச்சையாய் மின்னிய கோடுகள்

முட்டுக்காட்டு உப்பங்கழியின் மேல் பனி இன்னும் படுத்திருந்த காலையில், டாக்டர் தமிழ்ச்செல்வி ஞானதாஸைத் தேடி வந்தார். மைக்ராஸ்கோப் பழுதுபார்ப்பவர் ஞானதாஸ்; லென்சுக்குள் ஒளிந்திருக்கும் பொய்யைப் பிடிப்பதில் பேர் போனவர்.

“படாளத்துலருந்து சின்னப்பொண்ணுன்னு ஒரு அம்மா, மார்புல கட்டி, சார். ஊசியில எடுத்த செல்லுக்கு ஒளிரும் சாயம் போட்டோம். புற்றுநோய் செல்லுல மட்டும்தான் அது ஒட்டும். நீல வெளிச்சத்துல பச்சையா மின்னுது. பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன், மார்பையே எடுக்கணும். ஆனா தொட்டுப் பார்த்தா கட்டி அப்படித் தெரியல. மனசு ஒப்பல. மைக்ராஸ்கோப் பொய் சொல்லுதான்னு வந்து பாருங்க.”

ஞானதாஸின் கூட்டாளி, துப்பு என்றால் சோற்றை மறக்கும் ஜாய்ஸ், அதற்குள் தன் ஆட்டோவைக் கிளப்பியிருந்தாள்.

மாமல்லபுரம் சாலை ஆஸ்பத்திரி வாசலில், நேற்றைய ஆயுத பூசை வாழைக்கன்று வாடிச் சாய்ந்திருந்தது. உள்ளே மைக்ராஸ்கோப்புக்கும் மஞ்சள் பொட்டு. விளக்கை அணைத்தார்கள். ஞானதாஸ் குனிந்தார். கண்ணுங்களா, கடலடியில் நிலா கரைந்து கிடப்பதுபோல் இருந்தது அந்தப் பச்சை. அதில், அலை விட்டுப்போன மணல்போல வளைந்து வளைந்து கோடுகள்.

“இந்த ஆல்வின்தான் சாயத்த ஜாஸ்தியா ஊத்திக்கீறாரு, அண்ணாத்த! முழியப் பாரு!” என்றாள் ஜாய்ஸ்.

“நீ மொதல்ல மீட்டர் போட்டு ஓட்டு. அப்பால என் முழியப் பேசு,” என்றார் சாயம் போட்ட ஆல்வின்.

ஞானதாஸ் நிமிரவில்லை. “இந்தக் கண்ணாடி எடுத்த அதே டப்பாலருந்து, செல்லும் சாயமும் இல்லாத வெறும் கண்ணாடி ஒண்ணு வைங்க.”

அதுவும் மின்னியது. அதே கோடுகள்.

“செல்லே இல்லாத எடத்துல நோய் எப்படி வரும்? இது விரல் ரேகை. மஞ்சளும் நீல வெளிச்சத்துல பச்சையாத்தான் மின்னும். நேத்து பொட்டு வச்ச கை யாரோடது?”

வாசற்படியில் நின்ற ஆயா ஞானம்பாள் கையை முந்தானையில் மறைத்தாள். “நான்தான், நைனா. இதுவும் ஆயுதந்தானேன்னு, ஒவ்வொரு கண்ணாடியா தொடச்சி அடுக்கனேன்.”

புது டப்பாவைப் பிரித்தார்கள். சாயத்தைச் சோதிக்க வைத்த பழைய புற்றுநோய்ச் செல்கள் புள்ளி புள்ளியாய் மின்னின. சின்னப்பொண்ணுவின் மீதிச் செல்லை வைத்துச் சாயம் போட்ட புதுக் கண்ணாடியில் இருட்டு. டாக்டர் மூன்று முறை பார்த்தார். நல்ல, அமைதியான இருட்டு.

“நானே போய்ச் சொல்றேன்,” என்று ஞானம்பாள் வெளியே போனாள். பெஞ்சில் சின்னப்பொண்ணு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்ன அழ வெச்சது என் கை மஞ்சள்தாம்மா, கண்ணாடில ஒட்டிகினு மின்னிச்சாம். நோய் இல்லியாம்.”

சின்னப்பொண்ணு அந்தக் கையை இழுத்து, மஞ்சள் ஏறிய விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ, அறுக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“ராத்திரிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. துன்ன இன்னா கீது?”

“பூசைப் பொரிதான் கீது.”

“கொண்டா. கையக் கழுவிகினு கொண்டா.”