கண்ணாடியில் சிவப்புச் சட்டை

பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில், டென்சில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் வீட்டை ஒரே மூச்சில், கோணாமல், எதையும் இடிக்காமல் பின்னால் எடுத்து நிறுத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை. மெர்சியாவுக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. அவள் கை காட்டவே இல்லை.

சீரீஸ் ஊர் முகாமில் அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆறு வயது மகள் ஜேட்லின் இறங்கியதும் இறங்காததுமாக ஒற்றைச் செருப்பை வாய்க்காலில் விட்டுவிட்டாள். அதைக் குச்சியால் தள்ளித் தள்ளி எடுத்துவிட்டு மெர்சியா திரும்பினால், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே கேரவன் கச்சிதமாக நிற்கிறது.

"அசத்திட்ட மெர்ஸ்! இவ்வளவு வருஷமா இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" டென்சில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"நான் எங்கடா காட்டினேன்? இவ செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

"ஆமாமா, கண்ணாடியில நின்னது உன் தங்கச்சி. அந்தச் சிவப்புச் சட்டை பளிச்சுன்னு தெரியுது. தினமும் அதையே போட்டுக்க."

மெர்சியா போட்டிருந்தது நீலச் சட்டை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டான்.

கேரவன் கட்டி இழுக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள், முகாமே வேடிக்கை பார்க்கச் சண்டை நடக்கும். முதல் பயணத்தில் டென்சில் தண்ணீர்க் குழாயை இடித்தபோது அவள் பதறிப்போய்த் தன் தலையிலேயே இரண்டு அடி அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தலையில் இரண்டு அடி என்றால் 'நிறுத்து' என்று அர்த்தம். அவர்கள் மூவருக்கு மட்டுமே தெரிந்த சைகை அது.

சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்புச் சட்டை அடியில் மடித்தபடியே இருந்தது. எடுத்து உதறினாள். அக்குளில் ஈரம். முகர்ந்தால் அவளுடைய வியர்வை வாசனையேதான். ஆனால் அதோடு சூடான புழுதி வாசனையும் அடித்தது, வெகு நேரம் வெயிலில் நின்ற ஆளின் மேல் அடிக்குமே, அந்த வாசனை.

மறுநாள் கல்வினியா ஊர் முகாமில் அவள் கண் கொட்டாமல் நின்றாள். இடது மூலையில் காலை ஊன்றி, கையை வீசி, தொண்டை கிழியக் கத்தினாள். டென்சில் அவள் காட்டிய பக்கம் திருப்பவே இல்லை. கேரவன் எதிர்ப் பக்கம் வளைந்து, கோடு போட்ட மாதிரி வந்து நின்றது.

"முதல்ல இடது பக்கம் நின்னு குழப்பின," என்றான். "வலது பக்கம் மாறி நின்னதும்தான் வெண்ணெயா வழுக்கிட்டு வந்துச்சு."

"நான் நின்ன இடத்தைவிட்டு அசையல."

"சரி தாயே, நீ அசையல." சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைக் கிள்ளினான். "இப்படி ஒரு பெண்டாட்டிக்குத்தான் பன்னிரண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனாலும் அது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அப்படியானால் இத்தனை வருஷம் நான் யார்?

மூன்றாம் நாள் காலை பிராண்ட்ஃப்ளேய் ஊர் பெட்ரோல் நிலையத்தில் அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு இரண்டு காப்பியோடு வந்தாள். டென்சில் ஏற்கெனவே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மூன்று சர்க்கரை போட்ட காப்பி.

"இப்பத்தானே குடுத்துட்டுப் போன? மறுபடியும் எதுக்கு?"

பின்சீட்டில் ஜேட்லின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். காலையில் விரித்துவிட்ட முடி இப்போது இரட்டைப் பின்னலாக, நுனியில் மெர்சியா போடுகிற அதே குறுக்கு முடிச்சோடு தொங்கியது.

"ரொம்ப இழுத்துப் பின்னிட்ட மம்மி. வலிக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் என்கூடப் பேசவே மாட்டேங்கிற?" என்றாள்.

மெர்சியா சட்டென்று பின்வாங்கினாள். கையிலிருந்த காப்பி தளும்பி மணிக்கட்டில் சுட்டது. அந்தச் சூடு ஏறியதும் பயம் போய் ஆத்திரம் வந்தது. சொந்த ஊரான வூஸ்டரில், பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில், முப்பது பெண்களை ஒற்றைப் பார்வையில் அடக்குகிறவள் அவள். காப்பியைத் தரையில் கொட்டினாள். மகளின் பின்னலை அவிழ்த்து உதறிவிட்டாள். கேரவனுக்குள் ஏறி நீலச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிவப்பை மாட்டினாள். அது இளஞ்சூடாக இருந்தது. தன் ஓலைத் தொப்பியையும் எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டாள்.

"என் சட்டை," என்றாள் காலி கேரவனைப் பார்த்து. "என் புருஷன். என் பிள்ளை. தைரியமிருந்தா நான் இருக்கும்போது வாடி, பார்க்கிறேன்."

அதற்கப்புறம் ஊரே இல்லை. சாலை நூல் பிடித்த மாதிரி நீண்டது. தார் உருகும் வாசனையும், முட்டையும் கோழியும் கட்டி வைத்த பொட்டலத்தின் வாசனையும், ஜன்னல் இடுக்கில் நுழையும் உப்புப் புழுதியும் கலந்து தொண்டையை அறுக்க, தந்திக் கம்பங்களில் வைக்கோல் போர் போலத் தொங்கும் குருவிக் கூடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருக்க, பின்னால் கட்டிய கேரவன் மட்டும் அவ்வப்போது, யாரோ உள்ளே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பதுபோல், மெதுவாக ஒரு முறை ஆடி அடங்கியது. டென்சில் பாட்டு முணுமுணுத்தான். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உச்சி வெயிலில் சாலையோரம் மிளகு மாதிரிக் காய்க்கும் ஒரு மரமும் சிமெண்டு மேசையும் வந்தன. அறுபது கிலோமீட்டருக்கு அது ஒன்றுதான் நிழல்.

"இறங்கு மெர்ஸ். கை காட்டு, நிழல்ல விடுறேன்."

"மாட்டேன். இன்னிக்கு நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். நீயே எடு."

"என்னடி கோபம்?"

"எடுன்னா எடு."

உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கியரைப் போட்டான். கேரவன் முனகியது. கொஞ்ச தூரம் போனதும், அவளைத் தாண்டி இடது கண்ணாடியைப் பார்த்த அவன் முகம் மலர்ந்தது.

"பரவாயில்ல. யாரோ ஒரு அம்மா வந்து கை காட்டுறாங்க. உன்னை மாதிரியே சிவப்புச் சட்டை."

மெர்சியா பார்த்தாள்.

அவளுடைய ஓலைத் தொப்பி. அவளுடைய கை. இரண்டு விரலை மடக்கி 'வா, வா' என்று கூப்பிடும் அவளுடைய வழக்கம். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை. தலையில் இரண்டு அடி.

டென்சில் நிறுத்தினான்.

"மம்மி," என்றாள் ஜேட்லின் பின்னாலிருந்து, "நீ ரெண்டு இடத்துல இருக்க."

மெர்சியா கதவைத் திறந்தாள். இன்றைக்கு விட்டால் நாளைக்கு எது மிஞ்சும்?

"எவடி அவ!"

வெயில் முகத்தில் அறைந்தது. கேரவனின் பக்கவாட்டில் ஓடினாள். மூலையைத் திரும்பினாள்.

யாரும் இல்லை.

மண்ணில் காலடிகள். அவளுடைய செருப்பின் தடம்தான். அவள் இன்னும் கால் வைக்காத இடத்தில். வலது பக்கமாகச் சுற்றி, வண்டியின் முன்பக்கம் போகின்றன.

முன்னால் கதவு சாத்தும் சத்தம்.

"ஏறிட்டியா? கோபம் தீர்ந்துச்சா?" டென்சிலின் குரல்.

"இங்க வேணாம்." அவளுடைய குரல். கொஞ்சம் கரகரத்தது, வெகு நாளாகப் பேசாத தொண்டை போல. "அடுத்த ஊர் கென்ஹார்ட்ல போய்ச் சாப்பிடலாம். வண்டியை எடு."

கேரவன் நகர்ந்தது.

"டென்சில்!" தகரத்தை அறைந்தாள். உள்ளங்கை பொசுங்கியது. ஓடினாள். புழுதி. இருமல். மறுபடி ஓட்டம். இடது கண்ணாடி வேண்டாம், அது உள்ளே உட்கார்ந்திருப்பவளின் கைக்கு எட்டும். வலது பக்கம். அவன் பக்கம். நடுச்சாலைக்குப் போய் நின்று, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடி. அடி.

பிரேக் விளக்குகள் சிவந்தன.

பார்த்துவிட்டான். பார்த்துவிட்டான்! அவள் சிரித்தேவிட்டாள்.

ஜேட்லினின் தலை ஜன்னல் வழியே வெளியே வந்தது. அவளைப் பார்த்தது. முன்சீட்டைப் பார்த்தது. மறுபடியும் அவளைப் பார்த்தது. ஒரு சிவப்புச் சட்டைக் கை உள்ளேயிருந்து நீண்டு குழந்தையின் தலையை மெதுவாகத் தடவி உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தத் தலையில் இரட்டைப் பின்னல்.

டென்சிலின் கை வெளியே வந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். உதவி செய்த யாரோ ஒரு அம்மாவுக்கு நன்றி.

விளக்கு அணைந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

கேரவன் வெள்ளைப் புள்ளியாகிக் கானலில் கரையும்வரை மெர்சியா நின்றாள். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. தொப்பியை இழுத்துக் கண்வரை மறைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். எவ்வளவு தூரம் என்றாலும் சரி. கென்ஹார்டிலோ, பயணம் முடிகிற ஆற்றங்கரை முகாமிலோ, எங்கேயாவது அவன் வண்டியைப் பின்னால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? அப்போது கண்ணாடியைப் பார்க்கத்தானே வேண்டும்?

நடந்துகொண்டே, யாருமில்லாத அந்தச் சாலையில், அவள் இரண்டு விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். வா. வா. வா.