முழங்காலுக்கு மேலே ஒரு கோடு

மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது ஃபுவாத்தினோவின் இடது கெண்டைக்காலில் யாரோ எண்ணெய் பூசியிருந்தார்கள்.

"ஏய் ஈவா!"

அந்தச் சத்தத்தில் ஆஸ்பத்திரித் தகரக் கூரை மேல் இருந்த மைனாக்கள் எல்லாம் கிளம்பிக் கடல் தாண்டி அடுத்த தீவுக்கே போய்விட்டன. முப்பத்தொரு வருடம் தலைநகர் ஆப்பியாவின் சந்தைக்கும் தெற்குக் கரைக்கும் பஸ் ஓட்டியவள். ஹாரன் கெட்டுப்போன நாட்களில் அந்தத் தொண்டைதான் ஹாரன்.

கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த மகள் ஈவா, தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னம்மா இது? செத்தவங்களே எந்திரிச்சு வந்துருவாங்க போல."

"காலத் தொட்டியா?"

"நான் ஏன் தொடுறேன்? உன் காலுகிட்ட வந்தா உதை விழும்னு அஞ்சு வயசுலயே தெரிஞ்சுக்கிட்டேன்."

அறுபத்தெட்டு வயதில் ஈரப்பலா பறிக்கிறேன் என்று மரமேறி விழுந்தவளுக்கு இடுப்பெலும்பை மாற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. காலில்தான் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. தினமும் வயிற்றில் ஊசி. கட்டி அடங்கும்வரை அந்தக் காலை யாரும் தேய்க்கக் கூடாது, பிடித்துவிடக் கூடாது, அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டு, முழங்காலுக்குக் கீழே வீக்கம் முடிகிற இடத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடும் போட்டிருந்தாள்.

சமோவாவில் ஒரு நோயாளியின் காலைத் தொடாதே என்பது, ஞாயிற்றுக்கிழமை விருந்து சாப்பிடாதே என்பதைப் போல. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எண்ணெய்க் குப்பியோடுதான் வருவார்கள். பதினொரு பேரை ஃபுவாத்தினோ விரட்டியிருந்தாள். பன்னிரண்டாவதாக வந்த பாதிரியாரின் மனைவி மேல் தலையணையே பறந்தது. ஊரில் சிரித்தார்கள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அவள் கணவன் யோசியா வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தான். அவனுக்கும் கால் வீங்கியது. தொடாதீர்கள் என்றுதான் அப்போதும் டாக்டர் சொன்னார். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறையும்வரை பொறுத்திருந்து, ஃபுவாத்தினோ மோசோவோய்ப் பூ ஊறிய தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றி, போர்வைக்குள் விட்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக, அவள் அம்மா அவளுக்குப் பிடித்துவிட்ட அதே பக்குவத்தில் அழுத்தினாள். "அங்கதான்டி. இன்னும் கொஞ்சம் மேல," என்றான் யோசியா. பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். வாய் திறந்தது. மூச்சு வரவில்லை.

அவள் கையை மூன்று தடவை கழுவினாள். கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்று ஈவாவிடம் சொன்னாள்.

இப்போது அவள் காலில் மோசோவோய்ப் பூ மணத்தது.

மறுநாள் மதியமும் எண்ணெய். இந்தத் தடவை நீலக் கோட்டுக்கு மேலே. போர்வையை விலக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் விரல் தடம் தெளிவாகத் தெரிந்தது: ஒரு கட்டைவிரல், அதற்குப் பக்கத்தில் ஒரு அரை விரல், பிறகு மூன்று முழு விரல்.

யோசியாவின் ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. சுறா கடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், வருடத்துக்கு ஒரு முழம் அந்தச் சுறாவும் வளர்ந்தது. உண்மையில் படகு மோட்டாரின் விசிறி.

டாக்டர் வந்ததும் ஃபுவாத்தினோ அவள் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"அம்மா, அது என்னுது."

"வேற வாங்கிக்கோ."

முழங்காலுக்கு மேலே, தொடையைச் சுற்றி, தோல் சிவக்கும்படி அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. கோழிக்கறியும் டாரோக் கிழங்கும் வாங்க ஈவா கிளம்பிப் போனாள். தகரக் கூரை மேல் மழை கொட்டுகிற இரைச்சலில் வார்டு முழுதும் ஒரு பெரிய வயிறு போல உறுமிக்கொண்டிருந்தது, வராந்தாவில் துணி உலர்த்தும் கொடி ஆடியது, பக்கத்துக் கட்டில் காலி, ஜன்னலோரக் கட்டிலும் காலி, அதன் விரிப்பில் மட்டும் யாரோ சற்று முன் எழுந்து போன பள்ளம்.

பூ மணம் வந்தது.

போர்வை அசைந்தது. பாதத்துக்கிட்ட. ஒரு மேடு. எலி அளவு. பிறகு கை அளவு.

கணுக்காலில் ஈரம். குளிர்ச்சி. அழுத்தியது. மேல்நோக்கி. அவள் அம்மாவின் பக்குவம். அவள் பக்குவம்.

சுகமாக இருந்தது. அதுதான் பயங்கரம். பன்னிரண்டு வருடமாக யாரும் அவளை இப்படித் தொட்டதில்லை. கண் சொருகியது. "இன்னும் கொஞ்சம் மேல" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக்கரித்தது.

"யோசியா."

கை நின்றது.

"நான்தான் கொன்னேன். சரியா? சொல்லிட்டேன். ஆனா நான் தெரியாமப் பண்ணேன். ஆசையில பண்ணேன். நீ தெரிஞ்சே பண்ற."

மழை.

"தனியா இருக்கியா? இரு. நான் வரமாட்டேன். என் மரத்துல இன்னும் காய் இருக்கு."

கை நகர்ந்தது. முழங்கால். அதற்கு மேல். உள்ளே, ஆழத்தில், ஏதோ இளகியது. மெல்ல.

கோடு.

இரண்டு கையையும் போர்வைக்குள் பாய்ச்சினாள். பிடித்தாள். வழுக்கியது. நகத்தைப் பதித்தாள். கியர் உடைந்த பஸ்ஸை மலைச்சரிவில் நிறுத்திய பிடி அது.

விடவில்லை.

எவ்வளவு நேரமோ. நர்ஸ் வயோலா ஊசித் தட்டோடு வந்தாள். "என்ன அத்தை, போர்வைக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? பன்றிக்கறியா? ஊசி போடணும், கைய எடுங்க."

"எடுத்தா ஏறிடுவான்டி. இப்படியே போடு."

வயோலா சிரித்துக்கொண்டே போர்வையைத் தூக்கினாள்.

தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"வேற ஊசி எடுத்துட்டு வா," என்றாள் ஃபுவாத்தினோ, பல்லைக் கடித்தபடி. "பத்து நாள் ஆனாலும் பிடிச்சிருப்பேன்."

அவள் பிடிக்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் தட்டையான விரிப்பு மட்டும். முன்னால், எண்ணெய் சொட்ட, விறைத்து நீண்ட விரல்கள். அதில் அரை விரல் மட்டும் இன்னும் அவள் போட்ட நீலக் கோட்டின் மேல் வளைந்து வளைந்து, மெதுவாக, ஆசையாக, தேய்த்துக்கொண்டிருந்தது.