பானைக்குள் ரத்னாவின் கை

அந்த வருஷம் குச்சி எடுக்கும் முறை ரத்னாவுக்கு வந்தது. நண்டுமேட்டுக் குப்பத்தில் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதவி கிடையாது. புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், மடி நிறையப் பொரிகடலை, எல்லாம் உண்டு. இவ்வளவு இருந்தும் ரத்னா ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

குச்சி எடுப்பது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது 1969ஆம் வருஷத்துக் கதை. பழவேற்காடு ஏரியில் இறால் அள்ள அள்ள வரும் இடமும் உண்டு, சேறு மட்டும் வரும் இடமும் உண்டு. யார் எங்கே வலை கட்டுவது என்று சண்டை வரக்கூடாது அல்லவா? அதற்காக வீட்டுக்கு ஒரு பனைமட்டைக் குச்சி வைத்திருந்தார்கள். அதில் அந்த வீட்டின் குறி தாரால் போட்டிருக்கும். புரட்டாசிக் கடைசியில் எல்லாக் குச்சிகளையும் ஒரு மண்பானையில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார்கள். முதலில் வரும் குச்சிக்கு முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம். கடைசிக் குச்சிக்கு வடக்குக் கரையோரச் சேறு.

எல்லாம் எடுத்து முடித்ததும் அந்தப் பிள்ளையே பானையை மணலில் கவிழ்க்க வேண்டும். பெரியவர்கள் அதைத் தொடக்கூடாது. பானை கவிழும்வரை ஏரியில் ஒரு வலைகூட இறங்காது.

ரத்னாவின் துக்கத்துக்குக் காரணம் அவளுடைய சிநேகிதி பச்சையம்மா. எல்லோருக்கும் அவள் பச்சை. ஆடிக் காற்றில் பச்சையின் அப்பா திருமலையின் படகு கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. படகு மட்டும்தான் வந்தது. ஊரே ஏரியைச் சல்லடை போட்டுத் தேடியும் திருமலை கிடைக்கவில்லை.

ஆள் போய்விட்டால் அந்த வீட்டுக் குச்சியைத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். ஊர்ப் பெரியவர் ரங்கசாமி அதைக் கேட்டு வந்தார். அவர் ரத்னாவின் பெரியப்பா. வீடு முழுக்கத் தேடியும் குச்சி அகப்படவில்லை. அடுப்பில் போயிருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அடுப்பில் போகவில்லை. பச்சைதான் அதைக் கூரை ஓலை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தாள். ரத்னாவுக்கு மட்டும் எடுத்துக் காட்டினாள். அதில் திருமலை ஒரு பூநாரை வரைந்திருந்தார். பூநாரை என்று அவர் ஒருவர்தான் சொன்னார். பார்த்தவர்களுக்கெல்லாம் அது கழுத்து வீங்கிய கோழியாகத்தான் தெரிந்தது. ஊரில் அதற்குக் கோழிக்குச்சி என்றே பெயர்.

"நைனா வந்து குச்சி எங்கடின்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அதான் பத்திரமா வச்சினு கீறேன்," என்றாள் பச்சை.

ரத்னா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

துடுப்புப் பிடிக்க ஆண் இல்லாத வீட்டுக்குக் குச்சி கிடையாது என்பது ஊர்ச் சட்டம். குச்சி இல்லையென்றால் வலை கட்ட இடம் இல்லை. பச்சையின் அம்மா கங்கம்மாள் தினமும் வடக்குக் கரைச் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்தாள். அவள் விரலெல்லாம் சிப்பி கிழித்த காயம். பிடித்த இறால் ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் காணும். இந்த முறை குச்சி இல்லையென்றால் ஆரம்பாக்கம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். பச்சையும் கூடப் போக வேண்டும். சூளைக்குப் போன பிள்ளைகள் கல் சுமப்பார்கள், பள்ளிக்கூடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கங்கம்மாள் அழுதுகொண்டே மூலையில் உட்காரவில்லை. குப்பத்தில் ஆண் துணை இல்லாத வீடுகள் இன்னும் மூன்று இருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினாள். தனித்தனியாக அழுதால் யார் காதிலும் விழாது, நாலு பேரும் சேர்ந்து போய் ஒரே ஒரு குச்சி கேட்போம் என்றாள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வாய் திறந்த வழக்கமே இல்லை. அதனால் முதலில் பயந்தார்கள். அந்த மூவரில் ஒருத்தியான லட்சுமியம்மாள்தான், "கேட்டா நாக்கு உழுந்துடுமா இன்னா," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

குச்சி எடுக்கும் நாள் வந்தது. கங்கையம்மன் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. நாலு பெண்களும் வந்து நின்று கேட்டார்கள். ரங்கசாமி கல்நெஞ்சக்காரர் இல்லை. திருமலையைத் தேடி முதலில் படகை இறக்கியவரே அவர்தான். ஆனாலும் வழக்கத்தை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. கஷ்டம் என்றால் ஊரில் வீட்டுக்கு ஒரு படி அரிசி தருகிறோம் என்றார்.

"பிச்சை கேக்க வர்லண்ணா. பங்கு கேக்க வந்தோம்," என்றாள் கங்கம்மாள்.

ரங்கசாமி ரத்னாவைப் பார்த்துக் கை அசைத்தார். குச்சி எடுப்பு தொடங்கியது.

ரத்னா கண்ணை மூடி எடுக்க எடுக்க, ஒவ்வொரு குறியாகச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். நங்கூரம், நண்டு, பிறை. சிரிப்பும் பெருமூச்சும் மாறி மாறிக் கேட்டன. கடைசியில் பானை காலியானது. ஒரு வீடு குறைந்ததால் வடக்குக் கரைச் சேறு மட்டும் யாருக்கும் இல்லாமல் மிஞ்சியது.

"கவுத்துடு கண்ணு," என்றார் ரங்கசாமி.

ரத்னா கையைப் பானையிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு வரணும் பெரியநைனா."

"எல்லாந்தான் வந்துடுச்சே."

"வர்ல. கங்கம்மா அத்த ஊட்டுது வர்ல."

ரத்னாவின் அப்பா தேசப்பன் ஓடி வந்து, மானம் போகிறது, கையை எடு என்று காதில் கெஞ்சினார். காது கொஞ்சம் மந்தமான பூவராகவன், பிள்ளையின் கை பானையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு ஓடிப்போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். ரத்னா கையை வெளியே எடுத்து, விரல்களை ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடியும் பானைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறியது. வேறு ஒரு பிள்ளையை வைத்துப் பானையைக் கவிழ்த்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். ஏழு வயது முனுசாமியைக் கூப்பிட்டு அவன் கை நிறையப் பொரிகடலை கொடுத்தார்கள். அவன் பொரிகடலையை வாங்கிக்கொண்டான். நேராக வந்து ரத்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். பானையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ரத்னாவின் அம்மா வந்தாள். முதுகில் ஒன்று விழப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சோறு பிசைந்து கொண்டுவந்திருந்தாள். வலது கை பானைக்குள் இருந்ததால் மகளுக்குத் தானே ஊட்டிவிட்டாள். ஊட்டி முடித்தபின் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமியம்மாள் வந்து உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். நல்ல இடம் கிடைத்த நங்கூரக் குச்சிக்காரரின் மனைவியும் வந்து உட்கார்ந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரங்கசாமி கங்கம்மாளின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "சரிம்மா. எடம் குடுத்தா யாரு படகு வுடுவீங்கோ?"

"மிச்சம் கீறது வடக்குக் கர சேறுதானண்ணா. அங்க முழங்கால் தண்ணி. நாங்க தெனம் நடந்து போற எடம். அதுக்குத் துடுப்பு எதுக்கு?" என்றாள் கங்கம்மாள்.

முதலில் சிரித்தது ஓர் ஆண்தான். ரங்கசாமியின் உதட்டிலும் சிரிப்பு வரப் பார்த்தது. உடனே அவர் முகம் வாடிவிட்டது.

"நாலு ஊட்டுக்கும் சேத்து ஒரு குச்சி போடலாம். ஆனா திருமலை குச்சி இன்னும் தண்ணிக்குப் போவல. போன ஆளு குச்சிய தண்ணில வுடாம அந்த ஊட்டுக்கு இன்னொண்ணு போட முடியாதும்மா. அதான் காணாம பூடுச்சே."

குச்சி இருக்கும் இடம் கங்கம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ரத்னா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது ரத்னாவின் குச்சி இல்லை. பச்சையை நிமிர்ந்து பார்த்தால்கூட அவளைக் கட்டாயப்படுத்துவதுபோல ஆகிவிடும் என்று ரத்னா பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வரும்போது கோழிக்குச்சியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"நான்தான் வச்சினு இருந்தேம்மா," என்றாள். கங்கம்மாள் திட்டவில்லை. மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

பச்சை தண்ணீரில் இறங்கிக் குச்சியை விட்டாள். சிற்றலை அதைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியிலேயே சேர்த்தது. மறுபடியும் தள்ளிவிட்டாள். மறுபடியும் வந்தது. ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் ரத்னாவுக்கு இருந்தது. கை பானைக்குள் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே விக்கி விக்கி அழுதாள்.

ரங்கசாமி கரைக்கு இறங்கிப் போனார். "வா கண்ணு, ஆழத்துல போய் வுட்டுட்டு வர்லாம்," என்று பச்சையைத் தூக்கிப் படகில் உட்காரவைத்து அவரே துடுப்புப் போட்டார். படகு சின்னதாகும்வரை போனது. ஊர் முழுக்க எழுந்து நின்றது.

படகு திரும்பி வந்தபோது பச்சையின் கைகள் வெறுமையாக இருந்தன. அவள் நேராக ரத்னாவிடம் வந்தாள்.

"கோழி பூடுச்சுடி ரத்னா. திரும்பியே பாக்கல," என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா போய் இத்தனை நாளில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. ரத்னா இடது கையால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

புதுப் பனைமட்டையில் ஒரு குச்சி சீவினார்கள். என்ன குறி போடுவது என்று யோசிக்க நேரம் இல்லை. நாலு பெண்களும் ஆளுக்கு ஒரு விரலைத் தாரில் தோய்த்துக் குச்சியின்மேல் அழுத்தினார்கள். நாலு விரல் குறி விழுந்தது. வருகிற வருஷம் அந்தக் குச்சியும் மற்றக் குச்சிகளோடு சேர்ந்தே பானைக்குள் விழும் என்று ரங்கசாமி எல்லோர் முன்னாலும் சொன்னார். ரத்னா கையை வெளியே எடுத்து வழிவிட, பச்சை அதை வாங்கிப் பானைக்குள் போட்டாள்.

உள்ளே இருப்பதே ஒன்றுதானே, சட்டென்று எடுத்துக் கொடு என்றான் முனுசாமி. அவனுடைய பொரிகடலை தீர்ந்துபோயிருந்தது. ரத்னா கேட்கவில்லை. மற்ற வீடுகளுக்குச் செய்ததுபோலவே கண்களை இறுக மூடிக்கொண்டாள். பானைக்குள் கையை விட்டு, நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் அந்த ஒற்றைக் குச்சியை எடுத்தாள். அதற்குப் பிறகு பானையை மணலில் கவிழ்த்தாள்.