இரண்டாவது மனு

காபி ஆறிக்கொண்டிருந்தது. சிரிப்பு நடிகர் இரண்டு படிவங்களை மேசையில் விரித்து, ஒன்றை மனைவி பக்கம் நகர்த்தினார்.

“கையெழுத்துப் போடு. மூணு மணிக்குள்ள ரெண்டு பேர் மனுவையும் வாபஸ் வாங்கணும்.”

அவர் தேர்தலில் நின்றதே புதுப் படத்தின் விளம்பரத்துக்காகத்தான். படம் வந்து நன்றாக ஓடுகிறது. இனி தேர்தல் எதற்கு? தன் மனு தள்ளுபடியானால் மாற்றாக இருக்கட்டும் என்று மனைவியையும் மனு போடச் சொல்லியிருந்தார். இரண்டுமே ஏற்கப்பட்டுவிட்டன. இப்போது அவர் மட்டும் விலகினால், அவள் வேட்பாளராக நிற்பாள்.

“நான் போடலைங்க” என்றாள் அவள்.

இருபது வருஷமாக மேடைத் திரைக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள். கைதட்டல் அவருக்கு, கால்வலி இவளுக்கு. அவள் மறுத்துப் பேசி அவர் கேட்டதே இல்லை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “புருஷன் இடத்துக்கே ஆசைப்படறியா...? மத்தியானமானா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினியே, எங்கேன்னு கேட்டா வாயைத் திறக்கலையே... எல்லாம் இதுக்குத்தானா?”

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நூல் மில் தொழிலாளி ஒருத்தி, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள்.

“அக்கா, நேத்துலேருந்து பஸ்சு மில் கேட்டு வரைக்கும் வருது. நாலு தடவை நீங்க பஸ் டிப்போ ஆபீசுக்கு நடந்திருக்கீங்களாமே...” பிறகு நடிகரைப் பார்த்தாள். “ஐயா, பிரசாரத்துல பஸ்சு வேணும்னு நான் குடுத்த மனுவை நீங்க படிக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்.”

அவர் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். வேலைக்கு நேரமாகிறது என்று அந்தத் தொழிலாளி போய்விட்டாள்.

“ஜனங்ககிட்ட வாங்கின மனுவையெல்லாம் மேக்கப் பெட்டியில போட்டீங்க” என்றாள் மனைவி. “நான் எடுத்துப் படிச்சேன். இருநூத்திப் பதினாறு. சொன்னா, உனக்கெதுக்கு வேண்டாத வேலைம்பீங்க... அதான் சொல்லலை. நீங்க விளையாட்டுக்கு நின்னீங்க. அவங்க யாரும் விளையாட்டுக்கு எழுதலைங்க.”

மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “அவசரப்பட்டு வார்த்தையை விட்டுட்டேனேம்மா...” இத்தனை வருஷம் அடக்கி வைத்த அழுகையெல்லாம் மருமகளுக்கு அந்தத் தோளில்தான் வந்தது.

நடிகர் தன் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். மற்றதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். வெளியே நிருபர்கள் கூடும் சத்தம் கேட்டது.

“நீதான் பேசணும்” என்றார் தயங்கியபடி. “நான் பின்னால நின்னு எடுத்துக் கொடுக்கட்டுமா?”

“வேண்டாங்க. இருநூத்திப் பதினாறும் எனக்கு மனப்பாடம்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். அவர் கதவுக்குப் பின்னால் போய், அவள் வழக்கமாக நிற்பது போலவே நின்றுகொண்டார்.