வசம்பு சுடும் வாசனை

கைக்குழந்தை இல்லாத வீட்டில் வசம்பு சுடுகிற வாசனை எதற்கு வர வேண்டும்?

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த சுவாதிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. சாயங்கால வெளிச்சம் சன்னலில் மங்கிக்கொண்டிருந்தது; சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அரியலூர் ரோட்டில் போகும்போதெல்லாம் சன்னல் கம்பிகள் லேசாக அதிர்ந்தன; முருங்கை இலைகளில் படிந்த சிமெண்ட் தூசியின் வறண்ட நெடியைத் தாண்டி, விளக்கெண்ணெய் தொட்டு விளக்கில் காட்டிய வசம்பின் கருகல் பின்கட்டு அறையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து அவள் தலைமாட்டில் நின்றது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நடந்தது சின்ன விஷயம்தான். கருப்பை வாயில் மிளகு அளவுக்குச் சதை வளர்ந்திருந்தது. டாக்டர் வினோதினி மரத்துப்போக ஊசி போட்டு, அதைக் கிள்ளி எடுத்து, ரத்தம் நிற்க மருந்து தடவினார்.

"கொஞ்ச நாளைக்கு அடிவயிறு இழுக்கும்மா. காப்பித்தூள் மாதிரி கறுப்பாப் படும், தண்ணியாவும் கசியும். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. குடம் தூக்க வேணாம். வீட்டுக்காரர் தள்ளியே இருக்கட்டும். காய்ச்சல் அடிச்சாலோ, ரத்தம் ரொம்பப் போனாலோ, கெட்ட வாடை வந்தாலோ உடனே வந்துடுங்க. எடுத்த சதைய டெஸ்டுக்குக் குடுத்துடுங்க. அந்த ரிசல்ட்தான் முக்கியம்."

சுவாதிக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுடைய அம்மா கருப்பை வாய்ப் புற்றில்தான் போய்ச் சேர்ந்தாள். நோய் தெரிவதற்குள் காலம் கடந்திருந்தது.

சதை மிதந்த சின்ன பாட்டிலை நர்ஸ் வழக்கப்படி கூட வந்தவர் கையில் கொடுத்தாள். கூட வந்தவள் மாமியார் ஜெகதாம்பாள். புருஷன் அறிவுச்செல்வன் வண்டி எடுக்கப் போயிருந்தான். எதிர்ச் சாரியில் இருந்த லேப்புக்குப் போன மாமியார், போன வேகத்தில் திரும்பினாள். "குடுத்துட்டேன் கண்ணு" என்றாள். மடியை மட்டும் ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

அன்றிலிருந்து ஒரே கவனிப்பு. பூண்டுக் குழம்பு. பால் சுரக்கத் தருகிற பால்சுறாப் புட்டு. நிலையில் வேப்பிலை, தலையணைக்கு அடியில் அரிவாள், வயிற்றை இறுக்கிக் கட்டப் பழைய சேலை. கல்யாணமான நாளாய் மலடி என்று வாய் நிறையச் சொன்னவளுக்கு இத்தனை கரிசனம் எங்கிருந்து முளைத்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அதிலும் இதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பக்குவம்.

சிமெண்ட் ஆலையில் ஷிப்டில் இருந்த அறிவுச்செல்வனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் வரலையாம். அம்மா கேட்டுச்சாம். நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காம படு."

அம்மா கேட்டதாம். மருந்துக் கவரின் பின்னால் லேப் நம்பர் இருந்தது. சுவாதியே கூப்பிட்டாள். எடுத்த பெண் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பேருல இங்க எதுவுமே வரலைங்களே."

போனை வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம். கொக்கியில் கயிறு உராய்கிற சத்தம். கிரீச். கொஞ்சம் நின்று, மறுபடியும் கிரீச்.

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூடம் இருட்டியிருந்தது. வசம்பு நெடிக்குக் கீழே மருந்து நெடி. சதை மிதந்த பாட்டிலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அது. அதற்கும் கீழே வேறொன்று.

டாக்டர் சொன்ன கெட்ட வாடை.

அவளிடமிருந்து இல்லை.

பின்கட்டுக் கதவைத் தள்ளினாள். சன்னல் திட்டில் காலி பாட்டில். மூடி தனியாக. உத்திரத்திலிருந்து தூளி தொங்கியது. சுவாதியின் கல்யாணச் சேலை.

"மெதுவா வா கண்ணு" என்றாள் ஜெகதாம்பாள். "இப்பத்தான் அசந்துச்சு."

"அத்தை, அது டெஸ்டுக்குக் குடுக்க வேண்டியது. என் உயிரே அதுலதான் இருக்கு."

"நம்ம வூட்டு வயித்துல வளந்தத ஊரான் அறுத்துப் பாக்கவா குடுப்பேன்?"

"மிளகு அளவுதான இருந்துச்சு!"

ஜெகதாம்பாள் சிரித்தாள். "அது அப்ப."

சுவாதி பார்த்தாள். மாமியார் எட்டத்தில், சுவரோரம். இரண்டு கையும் மடியில். தூளி ஆடியது. கனத்தில் சேலை இழுபட்டு, அடிப்பக்கம் தரையை உரசியது.

கிரீச்.

சுவாதி ஒரு எட்டு பின்வாங்கினாள்.

தூளி நின்றது. சேலைக்குள் இருந்தது மெல்ல, அவள் நின்ற பக்கமாகப் புரண்டு படுத்தது.

சுவாதியின் ரவிக்கை முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்தது.