வயது இறங்கிய எலும்பு

எலும்பின் வயது மறுபடியும் குறைந்திருந்தது.

"முதல் துண்டு எழுபதாயிரம் வருஷம். அடுத்தது ஆறாயிரம். இப்போ முந்நூறுகூட தேறல லா," என்று கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து நாகரத்தினம் போனில் சொன்னதும், மலைத் தேயிலைத் தோட்டத்தில் அகழாய்வு செய்துகொண்டிருந்த சிவசாமிக்கு எரிச்சல் தலைக்கேறியது. எல்லாமே ஒரே குழந்தை மண்டையோட்டில் அறுத்த துண்டுகள்தானே!

புதைந்த எலும்பு மண்ணின் ஈரத்தோடு யுரேனியத்தையும் உறிஞ்சும். அது சிதைந்து தோரியம் சேரும். தோரியம் கூடினால் வயது கூடும்; தானாகக் குறையாது. வயதைச் சொல்லாவிட்டால் எலும்பு கிடைத்த மேட்டைத் தள்ளித் தேயிலை நட்டுவிடுவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை ஒற்றைக்காலில் நின்றார். இன்றுதான் கெடு.

எலும்பு வைத்திருந்த பழைய ஸ்டோருக்குள் நுழைந்தான். பட்டப்பகலிலேயே பனிமூட்டம் கண்ணாடியை அடைத்திருந்தது. தொழிற்சாலையில் வதங்கும் கொழுந்தின் வாசத்துக்கு அடியில், புளித்த பாலின் வாடை மெல்ல மூக்கில் ஏறியது. கூட்டிப் பெருக்க வரும் அம்மாக்கண்ணு கிண்ணத்தோடு மேசை முன் நின்றிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பால் ஊத்துறேன் தம்பி. செத்தவங்களுக்கு மறுநாள் ஊத்தி, எலும்ப ஆத்துல விட்டுருவோம். நீங்க விடமாட்டேங்கிறீங்க. அதான் தெனம் ஊத்துறேன். பச்சப்புள்ள லா."

"உங்களாலதான் கணக்கெல்லாம் நாசமாப் போச்சு!"

பாலுக்கும் தோரியத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்கே தெரியும். யார்மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் ஊத்துனா மேசையில வழியும். இப்போ வழியறதில்ல தம்பி."

அவள் போய்விட்டாள். தகரக்கூரையில் பனி சொட்டியது. அதோடு இன்னொரு சத்தம். சின்னதாக. சப்புகிற சத்தம்.

எலி என்று திட்டிக்கொண்டே மண்டையோட்டைத் திருப்பி, ரம்பம் பட்ட இடத்தைத் தேடினான். இல்லை. மூடியிருந்தது. வழுவழுப்பாக. எலும்பு சூடாக இருந்தது.

தாடையின் உள்விளிம்பில் ஏதோ இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. பூஞ்சையா? விரலால் சுரண்டினான். மெத்தென்றிருந்தது. ஈறு.

கதவு தட்டப்பட்டது. துரையின் எழுத்தர், கிராணி காளிமுத்து.

"சார், துரை கேக்குறாரு. வயசு என்னாச்சு?"

சிவசாமி விரலை இழுத்தான். வரவில்லை. அவன் விரலை அது இறுகக் கவ்விக்கொண்டு, உறிஞ்சிக்கொண்டிருந்தது.